கடனடைப்பு உதவி வாங்கிக்கொண்டு கிராமத்து கிளினிக்கில் வேலை பார்த்த ஹைஜீனிஸ்டுகளே (பல், ஈறு சுத்தம் செய்பவர்களே), உங்கள் அனுபவம்?

காரைசுரண்டி:
என்.ஹெச்.எஸ்.சி (மருத்துவ வசதி குறைந்த ஊரில் வேலை பார்த்தால் படிப்புக் கடனை அடைக்க உதவும் அமெரிக்க அரசுத் திட்டம்) இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு. திராட்சைத் தோட்டக் கூலிகள் வரும் சமூக சுகாதார மையம். நான் அமெரிக்காவிலேயே பிறந்தவள், அதனால் குடியுரிமைச் சிக்கல் இல்லை. விண்ணப்பத்துக்காக லோன் காகிதங்களை அப்பாதான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் பாதிக்கு மேல் அவர் பெயரில் எடுத்த பேரன்ட் பிளஸ் லோன். படித்தது நான், கையெழுத்து அவருடையது, ஆகவே அது திட்டத்தில் சேராது. அந்த விதியை வாசித்துக் காட்டினேன். "அப்போ நான் வாங்கினது கடனே இல்லையாம்மா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என் பெயரில் இருந்தது இரண்டு வருடத்தில் தீர்ந்தது. அவர் இன்னும் கட்டுகிறார். அதற்கென்று நான் அனுப்புகிற பணத்தை என் கல்யாணத்துக்கு எடுத்து வைக்கிறாராம், அம்மா சொல்லித்தான் தெரியும்.

மலைக்காட்டு மங்கை:
கிழக்குக் கென்டக்கி. வாரம் 40 மணி நேரம், இரண்டு வருட ஒப்பந்தம், 50,000 டாலர் வரை, வழக்கமானதுதான். மௌன்டன் டியூ என்கிற சர்க்கரை சோடாவும் மெல்லும் புகையிலையும் சேர்ந்து பற்களை என்ன செய்யும் என்பதைப் பாடப்புத்தகத்தில் பார்த்தது போதாது என்று இங்கே தினமும் பார்க்கிறேன். ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி. கீழ் வரிசையில் ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கையை உயர்த்தினார். வலிக்கிறதோ என்று கருவியை எடுத்தேன். "நீயும் ரெண்டு வருஷத்து ஆள்தானா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் அப்படியே போய்விட்டார்களாம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பெண் வந்து ஈறு ஆழத்தை முதலிலிருந்து அளக்கிறாளாம். "பார்க்கலாம்" என்றேன். "அவங்களும் இதையேதான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். என் கணவருக்கு வேலை வேறு மாநிலத்தில், ஷார்லட்டில். ஒப்பந்தம் முடியப் போகிறது.

கணக்குப்பிள்ளை:
மங்கை, இதில் குற்ற உணர்ச்சி எதற்கு? இரண்டு வருடம் என்று எழுதிக் கொடுத்தீர்கள், செய்தீர்கள். ஆள் நிற்காததற்கு அந்த ஊர் கிளினிக் கொடுக்கும் சம்பளத்தைக் கேளுங்கள். என் மனைவி இந்தியாவில் பி.டி.எஸ். (பல் மருத்துவப் பட்டம்) முடித்துவிட்டு அமெரிக்காவில் மறுபடி ஹைஜீன் படித்தவள். அப்போது கிரீன் கார்டுதான், என்.ஹெச்.எஸ்.சி குடிமக்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அவ்வளவுதான் எங்கள் கதை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் சிலதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் ஃபெடரல் லோன் (அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன்) கிடைக்கும். லாபநோக்கற்ற கிளினிக்கில் முழுநேரம் வேலை பார்த்து 120 தவணை கட்டினால், பொதுச்சேவைக் கடன் தள்ளுபடியில் மிச்சம் போய்விடும். 2007இல் வந்த சட்டம். பத்து வருடம் ஆகும், பொறுமை வேண்டும். என்.ஹெச்.எஸ்.சி கிடைத்தவர்கள் பாதியில் மட்டும் ஓடிவிடாதீர்கள். வேலை பார்க்காத காலத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதற்கு மேல் பாக்கி மாதம் ஒவ்வொன்றுக்கும் 7,500 டாலர், வட்டி வேறு. எப்படிப் பார்த்தாலும் 31,000க்குக் குறையாது. கையில் வந்த பணத்தில் கார் வாங்காதீர்கள். லோனில் கட்டியதற்கு ரசீது காட்டாவிட்டால் அடுத்த வருட நீட்டிப்பு கிடைக்காது. வருடத்துக்கு ஏழு வாரத்துக்கு மேல் லீவு போட்டால் ஒப்பந்தமே போச்சு. அப்புறம் காரைசுரண்டி, அப்பாவின் லோனைத் தனியார் கம்பெனியில் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், அதுதான் மகள் செய்ய வேண்டியது.

காரைசுரண்டி:
அண்ணா, மகள் என்ன செய்ய வேண்டும் என்று நான் இங்கே கேட்கவில்லை. தனியாருக்கு மாற்றினால் ஃபெடரல் லோனுக்கு உள்ள பாதுகாப்பு அத்தனையும் போகும். நாளைக்கு அவருக்கே ஏதாவது ஆனால் இப்போது உள்ளபடி அந்தக் கடன் ரத்தாகும், அதுவும் போகும். இதைச் சொன்னது நானில்லை, அப்பாதான். பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்.

பாலைவனத்து ரயில்:
கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒன்று தவறு. ஏழு வாரம் தாண்டினால் ஒப்பந்தம் முறியாது, தாண்டிய நாட்கள் கடைசியில் கூடும். எனக்கே கூடியது. அம்மாவுக்கு ஸ்ட்ரோக் என்று திருச்சிக்குப் போயிருந்தேன். ஐ.சி.யூ. வாசலில் சித்தி காபி நீட்டுகிறாள், நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மிச்சமிருந்த லீவைத்தான் எண்ணினேன் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அம்மா பிழைத்துவிட்டார், இடது கைதான் சரியாக வரவில்லை. நீண்ட காலம் தேவைப்பட்டால் தற்காலிக நிறுத்தம் கேட்கலாம், ஒரு வருடம் வரை கொடுப்பார்கள். ஆனால் எழுதிக் கேட்க வேண்டும். கிளினிக் மேனேஜர் "நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள். என் மேனேஜர் சொன்னார், பார்த்துக்கொள்ளவில்லை.