ரிஜிஸ்ட்ரி: பதிவகமா, கிடங்கா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் நிறுவல் கையேட்டில் ரிஜிஸ்ட்ரியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது. ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதிதான் படிமம் (இமேஜ்). அதை இயக்கினால் கன்டெய்னர். படிமங்களை வைத்திருந்து, கேட்பவர்களுக்கு அனுப்பும் இடம் ரிஜிஸ்ட்ரி.

> ரிஜிஸ்ட்ரிக்குப் பதிவகம் என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் புரியும், புதிதாக ஒன்றை ஏன் தேட வேண்டும்?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. நம் நிறுவல் கையேட்டின் வரைவை ஒரு கல்லூரி மாணவியிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'படிமத்தைப் பதிவகத்திலிருந்து இழுக்கவும்' என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். "முதல்ல எங்க பதிவு பண்ணணும் சார்?" என்று கேட்டு, கணக்குத் தொடங்கும் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார். நம் படிமத்தை எடுக்கக் கணக்கே தேவையில்லை. தவறு அவருடையது அல்ல. பத்திரப் பதிவு முதல் வேலைவாய்ப்பு அலுவலகம் வரை, பதிவு என்றால் படிவம் நிரப்பிப் பெயர் கொடுப்பது என்றுதானே நாம் பழகியிருக்கிறோம்?

அதனால் கிடங்கு என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ரிஜிஸ்ட்ரியில் நடக்கும் வேலையைப் பாருங்கள். படிமம் என்பது அடுக்கடுக்கான கோப்புத் தொகுப்புகள். அதை எடுக்கப் புல் (இழு) கட்டளை கொடுத்ததும் முதலில் மேனிஃபெஸ்ட் வருகிறது. எந்தெந்த அடுக்குகள், ஒவ்வொன்றும் எத்தனை பைட், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எஸ்எச்ஏ-256 அடையாள மதிப்பு என்ன என்று சொல்லும், ஜேசான் வடிவிலான சின்ன உரைக்கோப்பு அது. அதன்படி அடுக்குகள் இறங்குகின்றன. நம் கணினியில் ஏற்கெனவே இருக்கும் அடுக்கு மறுபடி வராது. டெர்மினலில் அந்த வரிக்கு நேராக 'ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' என்று காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு லாரியிலிருந்து மூட்டைகளைச் சரிபார்த்து இறக்குகிற அதே வேலைதான். மேனிஃபெஸ்ட் கப்பல் சரக்குப் பட்டியலுக்கான சொல், கன்டெய்னரும் துறைமுகத்துச் சொல். இந்தக் குடும்பத்தோடு கிடங்கு இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது.

> குபெர்னெட்டீஸின் புதிய ரிஜிஸ்ட்ரி முகவரியில் அடுக்குகளே இல்லை, வேறிடத்துக்குத் திருப்பிவிடுகிறது. அதை எப்படிக் கிடங்கு என்பது?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். குபெர்னெட்டீஸ் என்பது பல கணினிகளில் கன்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் திறமூல மென்பொருள். அமேசான் கிளவுடிலிருந்து கேட்டால், பக்கத்தில் இருக்கும் அமேசான் சேமிப்பிடத்துக்கே அது அனுப்பிவைக்கிறது. கிடங்கு அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, பின்னால் இருக்கும் ஷெட்டில் போய்ச் சரக்கு எடுப்பதுபோல. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதும் முக்கியம். கூகுள் 2018இல், 3 ஆண்டுகளுக்கென்று 90 லட்சம் டாலர் மதிப்புள்ள கிளவுட் வசதியைக் குபெர்னெட்டீஸ் திட்டத்துக்குக் கொடுத்தது. படிமங்களை உலகம் முழுக்க அனுப்புவதே பெரிய செலவாக வளர்ந்தது. அதனால்தான் புதிய முகவரி. கூகுளில் இருந்த பழைய ரிஜிஸ்ட்ரியில் 2023 ஏப்ரல் 3 முதல் புதிய படிமம் எதுவும் சேர்வதில்லை. வெறும் பதிவேட்டைப் பராமரிக்க இவ்வளவு ஆகாது. சரக்கை ஏற்றி அனுப்பினால்தான் ஆகும்.

டாக்கர் நிறுவனம் நடத்தும் பொது ரிஜிஸ்ட்ரியான டாக்கர் ஹப் 2020 நவம்பரில், கணக்கு இல்லாமல் எடுப்பவர்களுக்கு 6 மணி நேரத்தில் 100 புல் என்று வரம்பு வைத்தது. வரம்பு ஐபி முகவரிக்கு என்பதால், ஒரே முகவரியின் பின்னால் இயங்கும் ஒரு கல்லூரி ஆய்வகம் முழுவதற்கும் சேர்த்து அந்த 100தான். 2023 மார்ச்சில் டாக்கர் நிறுவனம் இலவசக் குழுக் கணக்குகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் கைவிட்டது. திறமூலத் திட்டம் நடத்துகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது, சரக்கை எங்கே வைப்பது, வாடகை யார் கொடுப்பது என்பதுதான். பதிவகம் என்ற சொல் அந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை. கிடங்கு என்றால் உடனே எழும்.

தெற்கே கிட்டங்கி என்பார்கள். எனக்குப் பிடித்த சொல், ஆனால் கிடங்குதான் எல்லா ஊரிலும் செல்லும். களஞ்சியம் என்ற சொல்லை, நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் மென்பொருளின் ரெப்பாசிட்டரிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ரிஜிஸ்ட்ரிக்குள் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி ரெப்பாசிட்டரி இருக்கிறதே, அதற்கும் களஞ்சியம் அப்படியே பொருந்துகிறது: கிடங்கு பெரியது, உள்ளே களஞ்சியங்கள்.

அப்புறம், இழு, தள்ளு இரண்டையும் விட்டுவிடலாம். படிமத்தை அனுப்ப ஏற்று, எடுக்க இறக்கு போதும். படிமத்துக்கு வைக்கும் பெயரான டேகுக்குச் சீட்டு, மேலே சொன்ன எஸ்எச்ஏ-256 மதிப்பான டைஜெஸ்டுக்குக் கைரேகை. லேட்டஸ்ட் என்ற சீட்டை இன்று ஒரு படிமத்திலிருந்து எடுத்து நாளை இன்னொன்றில் ஒட்டலாம். கைரேகையை அப்படி மாற்ற முடியாது. உள்ளே ஒரு பைட் மாறினாலும் அது வேறு கைரேகை. சர்வரில் நிறுவுகிறவர்களிடம் 'சீட்டை நம்பாதே, கைரேகையைப் பார்த்து இறக்கு' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பழைய வரைவில் இதற்கு ஒரு பத்தி தேவைப்பட்டது.

படிமம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படம் என்று சிலர் மயங்கக்கூடும், கன்டெய்னர் படிமம் என்று சேர்த்தே எழுதினால் சரியாகிவிடும்.

வரைவில் பதிவகம் வந்த எல்லா இடத்திலும் கிடங்கு என்று மாற்றித் தனிக் கிளையில் வைத்திருக்கிறேன். முக்கியமாக 2ஆம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். அதே மாணவியிடம் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொடுக்கப்போகிறேன், எந்த வரியில் நிற்கிறார் என்று எழுதுகிறேன்.