செம்மண் நிலத்தில் தண்ணீர் நிற்கிறது, மனை பிரிக்கலாமா? (அவசரம்)

டேனிஷ்பேட்டை தம்பி:
வணக்கம். குடும்ப நிலம் 3.5 ஏக்கர், செம்மண்தான். மனை பிரித்து விற்கலாம் என்கிறார் சித்தப்பா. போன வாரம் மழைக்குப் பிறகு கிழக்கு ஓரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. பார்க்க வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார். அதற்குள் என்ன செய்யலாம்?

குவாரிமேடு:
எத்தனை நாள் நின்றது? நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது? பக்கத்தில் ஓடையோ ஏரி வாய்க்காலோ உண்டா? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொல்ல முடியும்?

மாங்கா மண்டி:
இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை. கிராவல் அடிச்சு ரெண்டடி மேடாக்குங்க, மழை வந்தாலும் தெரியாது.

வெள்ளைக்கல்:
எனக்கென்னவோ அடியில் வெள்ளைக்கல் இருக்கும் என்று படுகிறது. எங்கள் ஊரில் அப்படித்தான், மேலே சிவப்பு, கீழே வெள்ளை.

குவாரிமேடு:
@வெள்ளைக்கல், உங்களுக்கு எதைப் பார்த்தாலும் மாக்னசைட்டுதான், அதான் அந்த வெள்ளைக்கல் தாது. அது சேலம் கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம். அவர் பெயரிலேயே டேனிஷ்பேட்டை இருக்கிறதே.

டேனிஷ்பேட்டை தம்பி:
ஆமாங்க, டேனிஷ்பேட்டைக்குக் கொஞ்சம் உள்ளே. நாலு நாள் நின்றது. மலைப் பக்கமிருந்து சாய்வு. ஓடை ஒன்று இருந்ததாக அப்பா சொல்வார், இப்போது இல்லை.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு தடவை வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. சரி, எழுதிவிடுகிறேன். "ஓடை இருந்தது, இப்போது இல்லை" என்று எதுவும் கிடையாது தம்பி. உழுது மூடியிருப்பீர்கள், தண்ணீர் மறக்காது. முதலில் எஃப்எம்பி வரைபடம், அதாவது உங்கள் சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம் வாங்கி, ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

அடுத்து, செம்மண் என்றால் தண்ணீர் இறங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். மேலே இரண்டடி செம்மண், கீழே சுக்கான் படுகை (இறுகிய சுண்ணாம்புக் கல் அடுக்கு) என்பது அந்தப் பக்கம் சாதாரணம். நாலைந்து இடத்தில் குழி வெட்டுங்கள். ஒரு சாண் அகலம் போதும், ஆழம், செப்டிக் டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழி வரப்போகும் மட்டத்துக்கு. அடியில் 5 செ.மீ. ஜல்லி. முதல் நாளே தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற விடுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றிப் பார்த்தால் எந்த நிலமும் பாஸாகும். மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 60 நிமிஷம் தாண்டினால் அங்கே உறிஞ்சு குழி வேண்டாம்.

மாங்கா மண்டி:
சார், குழி வெட்டி நிமிஷம் எண்ணவா லேஅவுட் போடறாங்க? கிராவல்தான்.

குவாரிமேடு:
ஒரு ஏக்கருக்கு இரண்டடி என்றால் 87,000 கன அடிக்கு மேல். லோடு கணக்குப் போட்டீர்களா? போட்டாலும் அந்தத் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்காரர் வரப்புக்குத்தான் போகும். கேஸ் வரும்.

புஞ்சைக்காரி:
மனை எத்தனை சதுர அடி? அதை யாரும் கேட்கவே இல்லை.

டேனிஷ்பேட்டை தம்பி:
முப்பதுக்கு நாற்பது. 1200.

புஞ்சைக்காரி:
அங்கேதான் சிக்கல். உறிஞ்சு குழிக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர், அதாவது 60 அடி வேண்டும். உங்கள் மனையை மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடிதான். வாங்குகிறவர் ஒவ்வொருவரும் போர் போடுவார், ஒவ்வொருவருக்கும் செப்டிக் டேங்க். ஒருவர் குழிக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் போர். எங்கள் தெருவில் எந்த வீட்டு போர் தண்ணீரையும் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. எல்லாருக்கும் மேட்டில் ஒரே பொதுக் கிணறு வைத்துக் குழாய் போடுங்கள்.

மாங்கா மண்டி:
அக்கா, கிராமத்தில் அஞ்சு சென்ட் மனை யார் வாங்குவா? 1200-தான் ஓடும்.

புஞ்சைக்காரி:
அஞ்சு சென்ட் வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? பொதுக் கிணறு என்றுதானே எழுதியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
3.5 ஏக்கர் 10,000 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. லேஅவுட் விதிப்படி பத்து சதவீதம் பொது இடமாக விட்டே ஆக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. அந்தக் கிழக்கு ஓரத்தையே பூங்காவுக்குக் கொடுங்கள்.

வெள்ளைக்கல்:
குழந்தைகள் விளையாடச் சேற்றுக் குட்டையா சார்? எங்கள் லேஅவுட்டிலும் இப்படித்தான், பூங்கா என்று போர்டு, உள்ளே சீமைக் கருவேலம்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
போர்டு வைத்தவரைக் கேளுங்கள். வடிகாலோடு சேர்த்துத்தான் சொன்னேன்.

(இதற்குப் பிறகு பன்னிரண்டு பதிவுகள் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது பற்றி.)

டேனிஷ்பேட்டை தம்பி:
குழி பார்த்தாயிற்று. மேற்கே 20 நிமிஷம். கிழக்கே ஒன்றரை மணி நேரம், கடப்பாறை இறங்கவில்லை, சுக்கான்தான். வரைபடத்தில் ஓடையும் அங்கேயே வருகிறது. சித்தப்பா இன்னும் கிராவல் பக்கம்தான். நன்றி.

மாங்கா மண்டி:
மேற்குப் பக்கம் மனை என்ன விலை?