நாலு பேர் சேர்ந்து வாசிப்பதைத் தனித்தனி டிராக்கில் பதிய எது வாங்கலாம்?

மாடியறை:
வணக்கம். வீட்டு மாடியில் பன்னிரண்டுக்குப் பத்தடியில் ஒரு அறை இருக்கிறது. தங்கை பாடுவாள், சித்தப்பா வயலின், நான் மிருதங்கம், நண்பன் கடம். இதுவரை போனில்தான் பதிந்தோம், அதில் மிருதங்கம் மட்டும் கேட்கும், பாட்டு பக்கத்துத் தெருவில் நடப்பது போல இருக்கும். இரண்டு மைக் செருகுகிற சின்ன இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியை லேப்டாப்புக்குள் அனுப்புகிற பெட்டி) வாங்கி ஒவ்வொருவராகப் பதிந்தால் போதும் என்கிறார் கடைக்காரர். சரிதானா? லேப்டாப் கொஞ்சம் பழசு.

தொப்பிப்பக்கம்:
கிளிக், அதாவது காதில் டிக் டிக் என்று தாளம் காட்டும் ஒலி, போட்டு வாசிக்கிற பாட்டுக்கு அவர் சொன்னது சரி. உங்களுக்கு ஒத்துவராது. ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற நிரவலில் தங்கை எங்கே நிறுத்துவாள் என்று அவள் முகத்தைப் பார்த்துத்தானே வாசிக்கிறீர்கள்? ஹெட்போனில் வருகிற பழைய குரலுக்கு வாசித்தால் உயிரே இருக்காது, நானும் அப்படி ஒரு வருடம் வீணாக்கியவன்.

ஒரே நேரத்தில் எத்தனை மைக் என்று முதலில் எண்ணுங்கள். பாட்டு, வயலின், கடம் தலா ஒன்று, மிருதங்கத்தின் இரு முகங்களான வலந்தலை, தொப்பிக்கு இரண்டு, ஆக ஐந்து. அப்படியானால் எட்டு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்குவது) உள்ளதைத்தான் பார்க்க வேண்டும். பெயரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20இல் 18 உள்ளீடு என்றாலும் மைக் செருக எட்டு இடம்தான், மீதிப் பத்தும் அடாட், எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் இணைப்புகள் வழியாக வருபவை. அதே வரிசையில் முன்பு 18ஐ8 என்று ஒன்று இருந்தது, அதிலும் உள்ளீடு 18தான், ஆனால் மைக் ப்ரீஆம்ப் நாலே நாலு! கை கடித்தால் பெஹ்ரிங்கர் யூஎம்சி1820 பாருங்கள், அதில் எட்டு உண்டு.

பழைய_கேசட்:
தம்பி, பெட்டி இருக்கட்டும், அந்த அறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பத்தடிக்குள் நாலு பேர் உட்கார்ந்தால் எல்லா மைக்கிலும் எல்லாரும் விழுவார்கள். பாட்டு டிராக்கைத் தனியாகக் கேட்டால் அதில் பாதி உங்கள் மிருதங்கமாக இருக்கும், அதன் ஒலியைக் குறைக்கப் போனால் பாட்டும் சேர்ந்து குறையும். கார்டியாய்டு என்ற வகை மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம், அதனால் தங்கையின் மைக்குக்கு நேர் பின்னால் நீங்கள் உட்காருங்கள், முகமும் பார்க்கலாம். சுவரில் கெட்டி மெத்தை சாத்துங்கள், தரையில் ஜமக்காளம். சுருதிப்பெட்டியை அறையில் ஒலிக்க விடவே கூடாது, எல்லாருக்கும் ஹெட்போனில் கொடுத்துவிட்டு அதைத் தனி டிராக்கில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு சங்கதியை வெட்டி ஒட்டும்போது சுருதி துள்ளும்.

நாலு டிராக் கேசட்டில் பழகியவன் நான். இடம் போதாவிட்டால் மூன்றைக் கலந்து நாலாவதில் ஏற்றிவிட்டு அந்த மூன்றையும் அழிப்போம், கலந்தது கலந்ததுதான். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மாடியறை:
நன்றி சார். அப்புறம் ஹெட்போன் நாலு வேண்டுமே? பழைய லேப்டாப் எட்டு டிராக் தாங்குமா?

தொப்பிப்பக்கம்:
பதிவதற்குத் தாங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு டிராக் மணிக்கு அரை ஜிபி சொச்சம், எட்டும் சேர்ந்தால் நாலு ஜிபி சொச்சம், அவ்வளவுதான். பதியும்போதே ரிவெர்ப் (எதிரொலி), அது இது என்று ஒலியை மாற்றும் ப்ளக்இன் மென்பொருள் ஏற்றினால்தான் மூச்சு வாங்கும், அதையெல்லாம் மிக்ஸுக்கு வையுங்கள். உர்ர்ர் என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், என் வீட்டில் எர்த் சரியில்லாமல் இரண்டு நாள் மைக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

லேப்டாப்பே வேண்டாம் என்றால் ஜூம் எல்-12 என்ற, தானே பதிகிற மிக்ஸர். எட்டு மைக், எஸ்டி கார்டில் தனித்தனி டிராக், ஐந்து ஹெட்போனுக்கு ஐந்து விதமான மிக்ஸ். பிறகு யூஎஸ்பியில் லேப்டாப்போடு இணைத்தால் இன்டர்ஃபேஸாகவும் இருக்கும். உங்கள் கூட்டத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். இன்டர்ஃபேஸ் வாங்கினால், நாலு ஹெட்போன் செருக ஹெட்போன் ஆம்ப் தனிச் செலவு.

மாடியறை:
எல்-12 பார்க்கிறேன். மிச்சக் காசில் மெத்தை. கடத்துக்கு மைக்கை எங்கே வைக்க?

பழைய_கேசட்:
வாய்க்குள் நீட்டிவிடாதீர்கள், கும் கும் என்று மட்டும் வரும். முன்னால் ஒரு முழம் தள்ளி வைத்து, அவரை வாசிக்கச் சொல்லி, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நகர்த்துங்கள்.