உதவி: அழுங்கு (பாங்கோலின்) போய் எறும்புத்தின்னியோட ஒட்டிக்குது

பென்னாகரம்_விலங்கியல்: அவசரம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். எலும்பு, பல் கூறுகளை வச்சுப் பாலூட்டிகளோட பரிணாம உறவு மரம் போடுறேன். எத்தனை தடவை ஓட்டினாலும் அழுங்கும் தென் அமெரிக்க எறும்புத்தின்னியும் ஒரே கிளையில வருது. அழுங்கு நாய், சிறுத்தை பக்கம்ல வரணும்? திங்கட்கிழமை கொடுக்கணும்.

ஓசூர்_கபாலம்: எந்த மென்பொருள்? புறக்குழு (ஆதி நிலை எதுன்னு ஒப்பிட வைக்கிற வெளி விலங்கு) எது? பல் கூறு எத்தனை?

மாந்தோப்பு: நீள நாக்கு, தோண்டுற நகம் எல்லாம் எறும்பு தின்கிற பிழைப்பால வந்தது. தூக்கிடுங்க, சரியாயிடும்.

பழையகை: பிடிக்காத கூறைத் தூக்கினா விடையை நாமளே எழுதினதா ஆகும். புதுசாத் தோணின பொதுக் கூறுதான் உறவுக்குச் சாட்சின்னு ஜெர்மன் பூச்சியியலாளர் ஹென்னிக் 1950லயே எழுதிட்டார். அடிப்படையைப் படிச்சுட்டு வாங்க தம்பி.

பென்னாகரம்_விலங்கியல்: மென்பொருள் டி.என்.டி. 11 விலங்கு, 58 கூறு, அதுல 14 பல் கூறு. புறக்குழு பிளாட்டிபஸ். பல் இல்லாததுக்கு 14லயும் 0.

ஓசூர்_கபாலம்: அதான் சிக்கல். பல் இல்லைங்கிற ஒரே விஷயத்தை 14 தடவை எண்ணியிருக்கீங்க. 'பல்: உண்டு / இல்லை'ன்னு தனிக் கூறு ஒண்ணு வைங்க. மத்த பல் கூறுல அழுங்குக்கும் எறும்புத்தின்னிக்கும் 0 எடுத்துட்டு '-' (பொருந்தாது) போடுங்க. டி.என்.டி. அதை '?' (தெரியாது) மாதிரிதான் எடுத்துக்கும்.
வளர்ந்த பிளாட்டிபஸுக்கும் பல் கிடையாது. அது புறக்குழுவா இருந்தா பல்லில்லாமையே ஆதி நிலைன்னு காட்டும். அதை நீக்கிட்டு ஓபோசத்தை (பல் உள்ள பைப்பாலூட்டி) முதல் வரியில வைங்க, டி.என்.டி. முதல் வரியைத்தான் புறக்குழுவா எடுக்கும்.
இன்னும் மூணு கூறு சேருங்க: மணிக்கட்டுல ஸ்கேஃபாய்டு, லூனேட்ங்கிற ரெண்டு சின்ன எலும்பும் ஒட்டியிருக்கா, பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவுல எலும்புத் தடுப்பு இருக்கா (ரெண்டும் அழுங்குக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு), முதுகெலும்புல கூடுதல் மூட்டு இருக்கா (எறும்புத்தின்னி, ஆர்மடில்லோவுக்கு உண்டு, அழுங்குக்கு இல்லை).

மாந்தோப்பு: இந்தக் காலத்துல எலும்பு எதுக்கு? டி.என்.ஏ. போதுமே.

பழையகை: பல கோடி வருஷப் புதைபடிவத்துல டி.என்.ஏ. ஏதுங்க? பாகிஸ்தான்ல கிடைச்ச ஆதித் திமிங்கலக் கணுக்கால் எலும்பு 2001ல வெளியாச்சு, ரெண்டு முனையும் கப்பி வடிவம். அது ஆடு, நீர்யானை மாதிரி இரட்டைக் குளம்பு விலங்குகளோட அடையாளம், திமிங்கலமும் அந்தக் கூட்டம்னு காட்டுச்சு. காரிமங்கலத்துல ஆட்டுப் பின்னங்காலைக் கணுவோட வாங்கிப் பாருங்க, அதே எலும்பு.

மாந்தோப்பு: திமிங்கலத்துக்கு நீர்யானைதான் நெருக்கம்னு டி.என்.ஏ. 1990களிலேயே சொல்லிடுச்சு. எலும்புக்காரங்க பல்லைப் பார்த்து, அழிஞ்சுபோன மீசோனிக்கிட் விலங்குதான் நெருக்கம்னு நின்னாங்க.

பழையகை: அந்தப் பல்லைத் தப்புன்னு காட்டினதும் எலும்புதான்.

பென்னாகரம்_விலங்கியல்: வந்துடுச்சு! அழுங்கு சிறுத்தை பக்கம். நன்றிண்ணா.

ஓசூர்_கபாலம்: மணிக்கட்டுக் கூறை மட்டும் எடுத்துட்டு இன்னொரு தடவை ஓட்டுங்க. அந்த ஒண்ணாலதான் நிக்குதான்னு வைவாவுல கேட்பாங்க.