மறு: தன்னியக்கமா, குறுக்கு நகர்வா?

குழுவினர்க்கு வணக்கம்.

விண்மீன்கள் வானில் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இடம் மாறுவதை ஆங்கிலத்தில் ‘proper motion’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘தன்னியக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் சென்னை நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் தானாக ஓடும் இயந்திரத்தைத்தான் நினைப்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. ‘தன்’ என்பதுதான் உறுத்துகிறது; நாம் காண்பது விண்மீனின் சொந்த ஓட்டம் மட்டும் இல்லையே. பால்வழியின் நடுவில் விண்மீன்கள் நெருங்கிப் பருத்திருக்கும் பகுதியான புடைப்பு (bulge) ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு விண்மீன் செக்கனுக்கு 110 கிலோமீற்றர் குறுக்கே ஓடினாலும், வானில் அது இடம் மாறுவது ஆண்டுக்கு ஒரு விகலையின் (பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு கூறு) ஆயிரத்தில் மூன்று பங்குதான். நிலவின் அகலத்தைக் கடக்க ஆறு இலட்சம் ஆண்டு! ஆனால் நடுவில் அநேகமாக அசையாமல் கிடக்கும் கருந்துளையே ஆண்டுக்கு ஆறு பங்குக்கு மேல் நகர்வதாகத் தெரிகிறது. அது சூரியனோடு சேர்ந்து நாம் ஓடுகிற ஓட்டம். நானுஓயா ரயிலில் உட்கார்ந்துகொண்டு தேயிலைச் செடி ஓடுகிறது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போன வாரம் இரவு, எதிர் மலையில் இரண்டு வெளிச்சம். ஜன்னல் கம்பியை அடையாளம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மாணவி சொன்னாள்: “சேர், டோர்ச் குறுக்கால போகுது. த்ரீவீல் அங்கேயே நிக்குது.” த்ரீவீல் நிற்கவில்லை, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. விண்மீன் அப்படி நம்மை நோக்கியோ விலகியோ ஓடுவதை அளக்க, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலை வேண்டும். அதற்கு ‘ஆரை வேகம்’ ஏற்கெனவே இருக்கிறது. டோர்ச்சின் ஓட்டத்துக்கு அவள் வாயிலேயே சொல் வந்துவிட்டது: குறுக்கு நகர்வு.

இது வேகம் இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான், கோணம். அதனால்தான் ‘நகர்வு’. தூரத்தால் பெருக்கினால் ‘குறுக்கு வேகம்’ கிடைக்கும். இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும்.

எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு 1992 ஆய்வை வைக்கலாம். தனு இராசியில் தூசி மெலிந்த ‘பாடேயின் சாளரம்’ என்ற வான்பகுதி வழியாக 1950 இலும் 1983 இலும் எடுத்த ஒளிப்படத் தகடுகளை ஒப்பிட்டே புடைப்பு விண்மீன்களின் குறுக்கு நகர்வை அளந்தார்கள். 33 ஆண்டு இடைவெளி! நிறமாலைக்கு ஓர் இரவு போதும்.

அப்புறம், ‘புடைப்பு’க்குப் பதில் ‘குமிழ்’ வேண்டாம். இங்கே குமிழ் என்றால் மின்குமிழ். ‘வீக்கம்’ என்றால் பிள்ளைகள் கணுக்காலைத் தடவிப் பார்க்கிறார்கள்.

அடுத்த தவணைக் குறிப்பில் ‘குறுக்கு நகர்வு’ என்றே அச்சடிக்கப் போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.