நெறி கட்டியவர்களிடம் பார்த்தவை: ரத்த ரிப்போர்ட் சரியாக இருந்தால் போதுமா?

பொது மருத்துவர், குடியாத்தம்

"கழுத்துல நெறி கட்டி மூணு மாசமாச்சு" என்று வருகிறவர் கையில் ஒரு ரத்த ரிப்போர்ட் இருக்கும். ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாம் சரி. "ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்பார். தவறு இங்கேதான் தொடங்குகிறது. பெரியவர்களுக்கு ரத்த அணுக்கள் உற்பத்தியாவது இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு மஜ்ஜையில். ஆனால் நிணநீர் அணுக்களின் புற்றான லிம்போமா பெரும்பாலும் நெறியிலேயே, அதாவது நிணநீர் முடிச்சிலேயே தொடங்குகிறது. மஜ்ஜையில் பிறந்த பி அணு என்ற ஒரு வகை வெள்ளையணு, கிருமியை அடையாளம் காணப் பழகுவது நெறிக்குள். அங்கே அது வேகமாகப் பிரியும்போது மரபணுவை வெட்டி மாற்றிக்கொள்கிறது. பல பி அணு லிம்போமாக்களுக்கு விதையாவது அப்போது நேரும் பிழை. மஜ்ஜைக்குள் புற்று புகாதவரை எண்ணிக்கை அப்படியே நிற்கலாம்.

எனவே விரலைத்தான் நம்ப வேண்டும். வலியில்லாமல், ரப்பர் போல, 1 செ.மீ.க்கு மேல், 4 வாரம் தாண்டியும் சுருங்காத நெறி சந்தேகத்துக்குரியது. காறை எலும்புக்கு மேலே என்றால் அளவு சிறிதானாலும் விடக்கூடாது. அக்குள், தொடையிடுக்கு, மண்ணீரல் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், படுக்கை நனைகிற இரவு வியர்வை, 6 மாதத்தில் 10 சதவீத எடை இழப்பு ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள்.

நெஞ்சு நோய் மருத்துவர், ஆம்பூர்

டாக்டர் சொன்னதோடு காசநோயையும் சேர்க்க வேண்டும். நம் பக்கத்தில் கழுத்து நெறி என்றாலே கண்டமாலை, அதாவது நெறியில் வரும் காசநோய் என்று நினைப்போம். பல நேரம் அது சரிதான். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் இளகி, தோல் உடைந்து சீழ் வந்தால் காசநோய் பக்கம் சாயலாம். ஆனால் கிருமி எதுவும் உறுதியாகாமல் மாத்திரையைத் தொடங்கி, நெறி வளர்ந்தபடியே இருக்க, ஆறு மாதமும் முடிக்கிறார்களே, அதுதான் மனதை வருத்துகிறது. சிகிச்சையின் தொடக்கத்தில் காசநோய் நெறியும் சில நேரம் பெருக்கும் என்பது உண்மை. அதைச் சாக்காக வைத்துக் காத்திருக்கக் கூடாது. 2 மாதத்தில் குறையாவிட்டால் திசுவை மறுபடி எடுக்க வேண்டும். ஹாட்ஜ்கின் என்ற வகை லிம்போமாவிலும் காசநோய் போன்ற கிரானுலோமா (அழற்சி அணுக்களின் சிறு திரட்சி) தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம். டெக்ஸாமெதசோன் ஊசி போட்ட சில நாளில் நெறி சுருங்கும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. லிம்போமா அணுக்கள் அதில் கரைந்துபோய், பிறகு எடுக்கிற திசுவில் நோயின் வகையே தெரியாமல் போகலாம்.

திசு ஆய்வகம், காட்பாடி

ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. காசநோய்க்கும் வேறிடத்திலிருந்து பரவிய புற்றுக்கும் உதவும். லிம்போமாவின் வகை சொல்ல நெறியின் அமைப்பு தெரிய வேண்டும், அதனால் முழு நெறி வேண்டும். கழுத்தில் இருக்கும்போது தொடையிடுக்கில் எடுக்காதீர்கள். கால் புண்களால் அங்கே பழைய தழும்புதான் அதிகம்.

எடுத்ததும் பாதியாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒற்றுங்கள். ஒரு துண்டு சுத்தமான சலைனில் (உப்புநீரில்), காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும். அதைத் திசு கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். மீதி 10 சதவீத பஃபர் ஃபார்மலினில், திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு அளவில். ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மி.மீ.தான் ஊடுருவும். பெரிய நெறியை வெட்டாமல் சின்ன டப்பாவில் திணித்து அனுப்பினால் ஓரம் பதமாகி நடு கெட்டிருக்கும். லிம்போமாவின் வகை காட்டும் சிடி20, சிடி3, சிடி30 சாயங்கள் அங்கே சரியாகப் பிடிக்காது.

மயக்க மருந்துப் பிரிவு, வேலூர்

நெறி எடுக்க அனுப்புமுன் ஒரு மார்பு எக்ஸ்ரே. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, முகம் வீங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது என்றால் நெஞ்சுக்குள் பெரிய கட்டி மூச்சுக்குழாயை அழுத்தலாம். முழு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் அடைந்துபோகும். உட்கார வைத்தபடி, மரத்துப்போகும் ஊசியோடு கழுத்து நெறியை எடுப்பதே பாதுகாப்பு.

திசு ஆய்வகம், காட்பாடி

விட்டுப்போனது: பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் தாளோடு, திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திசு போதுமான அளவு இருந்தால் அந்த பிளாக்கிலேயே மற்ற சாயங்களைப் போட்டுவிடலாம், மறுபடி கழுத்தைக் கீற வேண்டியிருக்காது.