அமைதி காக்கும் படைகளுக்குப் பிற நாடுகள் அளிக்கும் பயிற்சியும் தளவாடங்களும் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். ஐக்கிய நாடுகள் சபைக்கென்று சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் அனுப்பும் பிரிவுகளே நீலத் தலைக்கவசம் அணிந்து செல்கின்றன. தன் வீரர்களைத் தயார்செய்து அனுப்புவது அந்தந்த நாட்டின் பொறுப்பு என்றும் படித்தேன். அப்படியிருக்க, அமெரிக்கா, பிரான்சு, ஜப்பான் போன்ற நாடுகள் அவர்களுக்குப் பயிற்சியும் வாகனங்களும் தருவது ஏன்? அந்த உதவி களத்தில் நிலைக்கிறதா?

மறுமொழி 1:
பொறுப்பு அந்த நாட்டினுடையதுதான். ஆனால் அதை நிறைவேற்றும் வசதி எல்லா நாடுகளிடமும் இல்லை. சில நாடுகளின் வீரர்கள் துப்பாக்கி இல்லாமலும், துப்பாக்கி இருந்தால் தலைக்கவசம் இல்லாமலும், தலைக்கவசம் இருந்தால் குண்டு துளைக்காத அங்கி இல்லாமலும் வந்து சேர்ந்ததாக அமைதிப் படைப் பணிகளை ஆராய்ந்த ஐ.நா. குழுவின் 2000ஆம் ஆண்டு பிரகிமி அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் சியரா லியோனில் சுமார் 500 அமைதிப் படையினரைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்து வைத்தார்கள். இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான், 2004இல் கூடிய ஜி8 எனப்படும் எட்டு பெரிய தொழில்வள நாடுகள், 2010க்குள் ஏறத்தாழ 75,000 வீரர்களுக்குப் பயிற்சி அளிப்பதென்றும், தேவைப்படும் இடத்தில் தளவாடங்கள் தருவதென்றும் முடிவு செய்தன.

மறுமொழி 2:
பயிற்சியைவிடத் தளவாடத்தில்தான் சிக்கல் அதிகம் என்பது என் கருத்து. ஐ.நா. ஒரு வீரருக்கு மாதந்தோறும் கொடுக்கும் தொகை (2018 ஜூலையில் இது 1,428 டாலராக இருந்தது) வேறு, படைப்பிரிவு கொண்டுவரும் வாகனங்களுக்கான தொகை வேறு. ஐ.நா. ஆய்வாளர்கள் முகாமுக்கே வந்து வண்டிகளை எண்ணிப் பார்ப்பார்கள். ஓடாத வண்டிகள் பெருகினால் தொகை குறைக்கப்படும். நன்கொடையாக வந்த கவச வாகனத்தின் காற்று வடிகட்டி பாலைத் தூசியில் அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்று வடிகட்டியும் இல்லை, அந்த ரக இயந்திரத்தைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்கும் இல்லை என்றால், அது முகாம் வாசலில் காவல் கூண்டாகவே நின்றுவிடும். வண்டியோடு உதிரி பாகங்களையும் பணிமனையையும் சேர்த்துக் கொடுக்காத உதவியை நான் அரைகுறை உதவி என்றே சொல்வேன்.

மறுமொழி 3:
மேலே நண்பர் சொன்னது பயிற்சிக்கும் பொருந்தும். ஒரு பட்டாலியன் ஓராண்டுக்குள் ஊர் திரும்பிவிடும். கற்றவர்கள் வெவ்வேறு பிரிவுகளுக்கு மாற்றப்படுவார்கள். ஆகவே வீரர்களுக்கு நேரடியாகக் கற்பிப்பதைவிட, அந்நாட்டிலேயே பயிற்றுநர்களை உருவாக்குவதுதான் நிலைக்கும். கானா நாட்டின் அக்ராவில் உள்ள கோஃபி அன்னான் பயிற்சி மையத்தில் ஆப்பிரிக்க அதிகாரிகள் தங்கள் கண்டத்திலேயே கற்கிறார்கள். 2015இல் நைரோபியில், ஜப்பானிய வீரர்கள் கிழக்கு ஆப்பிரிக்கப் பொறியாளர் பிரிவினருக்குப் புல்டோசரும் மண் அள்ளும் இயந்திரமும் இயக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முகாமும் சாலையும் அமைக்க ஆளில்லாமல் படை இறங்குவதே தாமதமான நிலையில் இது எவ்வளவு தேவையானது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. பயிற்சி பெறும் பிரிவே முன்பு சொந்த மக்களைக் கொடுமைப்படுத்தியிருந்தால்?

மறுமொழி 1:
அமெரிக்க உதவியைப் பொறுத்தவரை, மனித உரிமைகளைக் கடுமையாக மீறியதாக நம்பத்தக்க தகவல் உள்ள பிரிவுக்கு உதவக் கூடாது என்று லேஹி சட்டம் தடுக்கிறது. அதனால் பயிற்சிக்கு வருவோரின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே சரிபார்க்கிறார்கள். பயிற்சிக்குப் பின் அவர்கள் எங்கே அனுப்பப்படுகிறார்கள் என்பதையும் அதே கண்டிப்போடு பின்தொடர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.